அடிமை நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பெண்கல்வி பற்றிப் பேசணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. யாரை வச்சுப் பேசப் போறேன்னு கேட்ட தோழரிடம் "ஒரு கன்னியாஸ்திரியை வச்சு" என்றேன். அவர் சிரிச்சுட்டார். "கவிதை எழுதுற ஆளுன்னு கூப்பிட்டா நீ கோயில் பிரசங்கம் வைக்கப் போறியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மடம், ஜெபமாலை, கீழ்ப்படிதல் இதெல்லாம் விடுதலையோடு சம்பந்தப்பட்ட சங்கதிகளா என்று நமக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. அந்தச் சந்தேகத்தைக் கையில் வச்சுக்கிட்டே கேளுங்க. கடைசியில் அதற்கு வர்றேன்.

நான் பேங்க் கவுண்ட்டரில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவன். என் மேசையில் ஒரு ஸ்டாம்ப் பேடு இருக்கு. கைநாட்டு வைக்க வர்ற அம்மாக்களின் கட்டை விரலைப் பிடிச்சு மையில் அழுத்துறது என் வேலைகளில் ஒன்று. விரலை நீட்டும்போது பெரும்பாலும் அவங்க முகத்தை வேறு பக்கம் திருப்பிக்குவாங்க. எழுத்து தெரியாததைத் தங்களுடைய குற்றம் மாதிரி சுமந்துக்கிட்டு வர்றாங்க. ஆனால் எழுத்து தெரியாமல் போனது தற்செயல் அல்ல. இந்த ஜனத்துக்கு எழுத்து வேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். அப்படித் தீர்மானித்த ஒரு தேசத்தில், அந்தத் தீர்மானத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த ஒரு கறுப்புப் பெண்ணைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பெயர் எலிசபெத் லாஞ். ஊர், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோர்.

அந்த ஊருக்கு அவர் எப்படி வந்தார் என்பதே ஒரு சரித்திரம். கரீபியன் கடலில் சான் டொமிங் என்று ஒரு பிரெஞ்சுக் காலனி இருந்தது. கரும்புத் தோட்டம், சர்க்கரை ஆலை, லட்சக்கணக்கான அடிமைகள். 1791-இல் அந்த அடிமைகள் கிளம்பினார்கள். பதின்மூன்று வருஷம் சண்டை போட்டு, நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804-இல் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாட்டை உண்டாக்கினார்கள். அடிமைகள் கலகம் செய்து ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டது அதுதான். அந்தக் கொந்தளிப்பில் வெள்ளையர்களும், விடுதலை பெற்ற கறுப்பர்களும், கலப்பினத்தாரும் கப்பல் கப்பலாக வெளியேறினார்கள். சிலர் கியூபாவுக்குப் போனார்கள். 1793-இல் ஒரு பெரிய கூட்டம் பால்டிமோர் துறைமுகத்தில் வந்து இறங்கியது. லாஞ்சின் குடும்பம் கியூபா பக்கம் ஒதுங்கிய குடும்பம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிறந்தவர் அவர். பிரெஞ்சு பேசியவர், நன்றாகப் படித்தவர், யாருக்கும் அடிமையாக இல்லாதவர். 1813 வாக்கில் பால்டிமோரில் இருக்கிறார்.

அப்போது பால்டிமோர் எப்படிப்பட்ட ஊர்? 1830 கணக்கெடுப்புப்படி சுமார் 80,000 பேர். அதில் ஏறத்தாழ 15,000 பேர் சுதந்திரக் கறுப்பர்கள், 4,000-க்கு மேல் அடிமைகள். சுதந்திரக் கறுப்பர் என்றால் உடனே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். தான் அடிமை இல்லை என்று நிரூபிக்கிற காகிதத்தைக் கூடவே வச்சிருக்கணும். காகிதம் தொலைந்தால் ஆளும் தொலைந்தான். பிராட் தெருவில் அடிமை வியாபாரியின் பட்டி இருந்தது. மாட்டுப் பட்டி மாதிரி மனுஷப் பட்டி. அங்கேயிருந்து சங்கிலி போட்டு நடத்திக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்புவார்கள். படித்த, பிரெஞ்சு பேசுகிற, சுதந்திரமான ஒரு கறுப்புப் பெண் சந்தைக்குப் போய் வந்தாலும் அந்த ஊரின் தெருக்களில்தான் நடந்தாக வேண்டும்.

எழுத்தைப் பற்றி எஜமானர்களுக்கு இருந்த பயத்தையும் கொஞ்சம் சொல்லணும். பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் 1831-இல் ஒரு சட்டம். கறுப்பர்கள் எழுதப் படிக்கக் கற்பதற்காகக் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம், சவுக்கடி. தெற்கே வேறு மாநிலங்களிலும் இப்படிச் சட்டங்கள் இருந்தன. மேரிலாந்தில் அப்படி ஒரு சட்டம் போடப்படவில்லை. ஆனால் சட்டம் இல்லாத இடத்தில் வழக்கம் இருக்குமே! வழக்கத்தின் பலம் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பின்னாளில் கறுப்பின விடுதலையின் மாபெரும் குரலாக எழுந்த ஃப்ரெடரிக் டக்ளஸ், 1826-இல் சிறுவனாக, அடிமையாக, இதே பால்டிமோரில் ஃபெல்ஸ் பாயிண்ட் என்ற துறைமுகப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவர். வீட்டு எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். எஜமானன் தடுத்துவிட்டான். படித்தால் இவன் அடிமைக்கு லாயக்கில்லாமல் போய்விடுவான் என்பது அவன் வாதம். அந்த வாதத்தைக் காதில் வாங்கிய சிறுவனுக்கு, அடிமைத்தனத்திலிருந்து வெளியே போகும் பாதை எது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எதிரியே வழியைக் காட்டிக் கொடுத்தான்.

அதே ஃபெல்ஸ் பாயிண்டில்தான், அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னாலேயே, எலிசபெத் லாஞ்சும் அவருடைய தோழி மேரி மக்தலேன் பாலாசும் தங்கள் வீட்டிலேயே கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் கேட்கவில்லை, சபை கேட்கவில்லை. கறுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி என்று ஒன்று அந்த ஊரில் கிடையாது. கைக்காசு போட்டு நடத்தினார்கள். பிறகு காசு தீர்ந்தது. காசு தீர்ந்த பள்ளிகளை நமக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வருகிறார். ஜேம்ஸ் ஜூபேர், சல்பீசியன் குருமார் சபையைச் சேர்ந்தவர். பிரான்சில் பிறந்தவர். சான் டொமிங்கில் இருந்து தப்பி வந்தவர்களில் ஒருவர். பால்டிமோரில் அந்தச் சபையின் குருமடத்தில் ஒரு கோயில் உண்டு. கோயிலுக்கு மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு தளம். கறுப்பர்களுக்கு வழிபாடு கீழ்த்தளத்தில். அதைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வருது. நம்ம ஊர்க் கோயில்களில் நடுவில் கட்டின கிராதியும் கல்லறையில் எழுப்பின சுவரும் ஞாபகம் வருதுல்ல? கடவுள் ஒருவர்தான், படிக்கட்டு மட்டும் வேற வேற.

அந்தக் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு ஜூபேருக்கு வந்தது. பிள்ளைகளால் மனப்பாடம் பண்ண முடியவில்லை. ஏன் என்று பார்த்தால், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. எனவே ஒரு பள்ளி வேணும் என்று முடிவு செய்தார். ஆசிரியர்களைத் தேடினார். லாஞ்சும் பாலாசும் கிடைத்தார்கள். 1828-இல் வாடகை வீட்டில், சுமார் இருபது பெண்பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. சரித்திரத்தை எழுதினவர்கள் "ஜூபேர் தொடங்கினார்" என்று எழுதினார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். பள்ளிக்கூடம் ஏற்கெனவே லாஞ்சின் வீட்டில் இருந்தது. பாதிரியார் அதற்கு ஒரு கூரையும் அனுமதியும் தேடிக் கொடுத்தார். அவருடைய பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரிசையை மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறிப்போகுது. நம்ம ஜனம் செய்ததெல்லாம் நமக்காக யாரோ செய்ததாக ஆகிப்போகுது.

அதற்கப்புறம் லாஞ் கேட்டதுதான் முக்கியம். பள்ளியோடு அவர் நிற்கவில்லை. தான் துறவியாக வேணும் என்றார். பல வருஷமாக மனசில் வச்சிருந்த ஆசை. அமெரிக்காவில் இருந்த எந்தக் கன்னியர் மடமும் கறுப்புப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் நாங்களே ஒரு சபையாக நிற்கிறோம். 1829 ஜூலை 2-ஆம் தேதி நான்கு கறுப்புப் பெண்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். லாஞ், பாலாஸ், ரோசின் போக், அவர்களிடம் படித்த இளம்பெண் தெரசா டூஷ்மான். 'ஒப்லேட் சிஸ்டர்ஸ் ஆஃப் ப்ராவிடன்ஸ்' என்பது சபையின் பெயர். தெய்வப் பராமரிப்பின் காணிக்கைச் சகோதரிகள் என்று சொல்லலாம். கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று உண்டாக்கி நிலைநிறுத்திய முதல் கத்தோலிக்கத் துறவறச் சபை இதுதான். 1831-இல் ரோமிலிருந்து அங்கீகாரமும் வந்தது.

ஒரு அங்கியைப் போட்டுக்கொள்வதில் என்ன பெரிய புரட்சி என்று கேட்கலாம். அந்த ஊரில் கேட்டுப் பாருங்க. கறுப்புப் பெண்ணின் உடம்பு அங்கே விலை போட்டு விற்கப்படுகிற சரக்கு. அவள் கற்பு என்ற சொல்லுக்கு எஜமானனின் அகராதியில் இடமே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் நான்கு கறுப்புப் பெண்கள் துறவற உடை போட்டுக்கொண்டு, இந்த உடம்பு எங்களுடையது, எங்கள் சம்மதத்தோடு நாங்கள் கடவுளுக்குக் கொடுத்துவிட்டோம், இதில் வேறு எவனுக்கும் பாத்தியதை இல்லை என்று தெருவில் நடக்கிறார்கள். வெள்ளைக்காரக் கத்தோலிக்கர்களுக்கே அது பொறுக்கவில்லை. புனிதமான உடையைக் கறுப்பிகள் போடுவதா என்று எதிர்ப்பும் மிரட்டலும் கிளம்பியது. இரவிக்கை போட்டதற்கும் செருப்புப் போட்டதற்கும் அடி வாங்கின ஜனத்திடம், உடை எப்படி அரசியலாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் அதே மாநிலத்தில் சபை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்திலேயே வச்சுப் பார்க்கணும். அமெரிக்காவின் முதல் பிஷப் ஜான் கரோல் அடிமைகளை வைத்திருந்தவர். மேரிலாந்தில் இருந்த கார்மேல் மடத்துக் கன்னியர்களும், ஜார்ஜ்டவுனில் இருந்த விசிட்டேஷன் கன்னியர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். சேசு சபைக் குருமார் 1838-இல் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 பேரை, குழந்தை குட்டிகளோடு, லூசியானாவுக்கு விற்றார்கள். அதில் ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. மொத்த விலை 1,15,000 டாலர். நான் பேங்க் ஆள், வகுத்துப் பார்த்தேன். தலைக்கு சுமார் 423 டாலர். ஒரு கல்லூரியின் கடன் கணக்கில் கைக்குழந்தையும் கிழவியும் வரவு வைக்கப்பட்டார்கள். ஒரு பக்கம் கறுப்பர்களை விற்றுக் கல்லூரியைக் காப்பாற்றிய சபை. இன்னொரு பக்கம், அதே ஞானஸ்நானம் வாங்கிய கறுப்புப் பெண்கள் துணி தைத்து நடத்திய பள்ளிக்கூடம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது வரலாறு.

பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, ஞானோபதேசம், தையல், பூவேலை, துவைப்பது, சமைப்பது. கொஞ்ச நாளில் இசையும் சேர்ந்தது. காசு கொடுக்க முடிந்த பிள்ளைகள் கட்டணம் கட்டித் தங்கிப் படித்தார்கள். அநாதைப் பிள்ளைகளைச் சும்மா எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்கு 'வீட்டுப் பிள்ளைகள்' என்று பெயர். அநாதை என்று சொல்லாமல் வீட்டுப் பிள்ளை என்று சொன்ன அந்த வாய்க்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. பள்ளியின் ஆரம்பகால அறிவிப்பு, இந்தப் பெண்கள் நாளைக்குக் குடும்பத்துத் தாய்மார் ஆவார்கள், இல்லாவிட்டால் கௌரவமான வீடுகளில் வேலைக்காரிகள் ஆவார்கள் என்கிற கணக்கில்தான் எழுதப்பட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். அந்த அறிவிப்பு யாருக்காக எழுதப்பட்டது? வெள்ளைக்காரக் கனவான்கள் பயப்படாமல் இருக்க எழுதப்பட்டது என்று நான் நினைக்கிறேன். வேலைக்காரியாகப் போகிறவளுக்கு எதற்குப் பிரெஞ்சு? எதற்குக் கணக்கு? அறிவிப்பில் ஒன்று இருந்தது, வகுப்பறையில் இன்னொன்று நடந்தது. எழுதத் தெரிந்தவளை வீட்டு வேலைக்கு அனுப்பினாலும் அவள் பழைய வேலைக்காரி இல்லை. டக்ளஸின் எஜமானன் பயந்தது அதற்குத்தான்.

1832-இல் பால்டிமோரில் காலரா வந்தது. ஏழைகள் விடுதியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளைக்காரக் கன்னியர்கள் போதவில்லை. ஜூபேரிடம் கேட்டார்கள். அவர் சகோதரிகளைக் கூட்டிச் சொன்னார். நான்கு பேர் வேணும். அங்கே இருந்த 11 பேரும் முன்வந்தார்கள். போன நான்கு பேரில் லாஞ்சும் ஒருவர். இன்னொரு சகோதரி, தெரசாவின் அம்மா, அந்தோணி என்ற துறவறப் பெயர் கொண்டவர். காலராவில் படுத்த பிஷப் வீட்டுப் பணிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளப் போய், அந்த நோயிலேயே செத்துப்போனார். ஆபத்து வந்தால் மட்டும் கறுப்புக் கை தீட்டு இல்லாமல் போய்விடும். மலக்குழியில் இறங்கச் சொல்லும்போது நம்மைக் கூப்பிடும் குரலும் இதே குரல்தான்.

இப்போது ஒரு கடிதம். எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது இந்தக் கடிதத்தினால்தான்.

1835. குருமடத்தில் சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்ள ஒப்லேட் சகோதரிகளை அனுப்புங்கள் என்று குருமடத் தலைவர் லூயி டெல்யோல் கேட்கிறார். பள்ளிக்குக் காசு வேணும். போகாமல் இருக்க முடியாது. சகோதரிகளின் தலைவியான லாஞ் பதில் எழுதுகிறார். வருகிறோம், ஆனால் நிபந்தனை உண்டு. நாங்கள் கறுப்பினத்தவர்கள், அதே சமயம் துறவிகள், இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும் என்கிறார். ரொம்பத் திமிராகவும் தெரிந்துவிடக் கூடாது, நாங்கள் போட்டிருக்கிற அங்கிக்கு உரிய மரியாதையும் போய்விடக் கூடாது என்கிறார். அந்த அங்கியைப் போடுவது எங்களுக்குப் பெருமை என்றும் சேர்த்துக்கொள்கிறார். மற்ற வேலைக்காரர்களோடு கலந்து நடத்தக் கூடாது, வெளியாட்களோடு எங்களுக்குத் தொடர்பு வைக்கக் கூடாது, எங்கள் ஜெப நேரத்துக்கும் சபை ஒழுங்குக்கும் இடையூறு வரக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறார்.

தோழர்களே, அடிமைச் சந்தை நடக்கிற ஊரில், ஒரு கறுப்புப் பெண், வெள்ளைக்காரக் குருமாருக்கு வேலை நிபந்தனை எழுதி அனுப்புகிறாள். துவைக்கிறோம், சமைக்கிறோம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் மரியாதை முதலில். படிப்பு என்பதற்கு நான் கண்ட நல்ல விளக்கம் இந்தக் கடிதம்தான். படிப்பு வந்தால் உத்தியோகம் வரும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. வருவது நல்லதுதான், எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் எந்த நிபந்தனையில் வேலை செய்வேன், எந்த நிபந்தனையில் செய்ய மாட்டேன் என்று எழுதத் தெரிவதுதான் படிப்பு. அந்தக் கடிதத்தில் வேறொரு சங்கடமும் இருக்கு. மற்ற வேலைக்காரர்களைப் போல எங்களை நடத்தாதே என்கிறபோது, மற்ற வேலைக்காரர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் அடிமைகளும் இருந்திருக்கலாமே? மரியாதையைக் கேட்கிறவள் தனக்கும் கீழே ஒரு படியை விட்டுவைக்கிறாளா? இந்தக் கேள்வியை நான் அவருக்காக மழுப்ப மாட்டேன். நம்மில் படித்து மேலே வந்த ஒவ்வொருவனையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. என்னையும் சேர்த்துத்தான்.

1843-இல் ஜூபேர் இறந்துபோனார். சபைக்கு ஆதரவு இல்லை. அப்போதைய பேராயர் எக்கிள்ஸ்டனுக்குக் கறுப்புக் கன்னியர்கள் எதற்கு என்ற எண்ணம். கலைந்துபோய் வீட்டு வேலைக்குப் போகட்டும் என்று அவர் கருதியதாகச் சொல்வார்கள். பிள்ளைகள் குறைந்தார்கள், பூசை வைக்கவும் ஒழுங்காக ஆள் இல்லை. சகோதரிகள் வெளுப்பு வாங்கினார்கள், இஸ்திரி போட்டார்கள், கிழிசல் தைத்தார்கள். சபையை உண்டாக்கின லாஞ் அந்த வருஷங்களில் குருமடத்தில் வீட்டு வேலை பார்த்தார். தலைவியாக இருந்தவர் துடைப்பம் எடுத்தார், பள்ளியை மூடவில்லை. 1847-இல் தாதேயு அன்வாண்டர் என்ற இளம் குரு, பேராயர் முன்னால் முழங்கால் போட்டுக் கெஞ்சித்தான் இந்தச் சகோதரிகளுக்கு வழிகாட்டியாகப் பொறுப்பு வாங்கினார் என்பது சபை சொல்லும் வரலாறு. அதற்குப் பிறகு பள்ளி மறுபடி நிமிர்ந்தது.

அந்த இருட்டான வருஷங்களில் ஒருவர் பிரிந்து போனார். முதல் நால்வரில் ஒருவரான தெரசா. அப்பா வெள்ளைக்காரர், அம்மா சான் டொமிங்கில் இருந்து வந்த கறுப்புப் பெண். நிறத்தால் வெள்ளை என்றே சொல்லிவிடலாம். இனி இந்தச் சபை பிழைக்காது என்று நினைத்த அவர் 1845-இல் மிச்சிகனில் மன்ரோ என்ற ஊருக்குப் போய், லூயி ஜில்லெ என்ற பாதிரியாரோடு சேர்ந்து வேறொரு சபையை உண்டாக்கினார். அது வளர்ந்து ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரப் பெண்கள் சேர்ந்த பெரிய சபையானது. எங்கள் சபையைத் தொடங்கினவர் ஒரு கறுப்புப் பெண்ணின் மகள் என்பதை அந்தச் சபை நெடுங்காலம் வெளியே சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் அது வெளிப்படையாகப் பேசப்பட்டது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வேலைக்குச் சேர்ந்த புதுசில், வாடகை வீடு தேடிப் போன இடத்தில், வீட்டுக்காரம்மா என் ஊர்ப் பெயரைக் கேட்டுட்டு "எந்தத் தெரு?" என்று கேட்டபோது, நான் வேறொரு தெருவின் பெயரைச் சொன்னேன். ஒரு நொடிதான். அதைச் சொன்ன வாயை இன்னும் நான் மன்னிக்கல. தெரசாவைத் தப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மறைத்துக்கொண்டவளைவிட, மறைக்க வைத்த ஊர்தான் குற்றவாளி. ஆனால் லாஞ் இருந்த இடத்திலேயே இருந்தார். மறைக்க முடியாத நிறம் என்பதால் மட்டும் அல்ல. பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில், ஆப்பிரிக்க வம்சாவளியினர் அந்த நாட்டின் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டானி மேரிலாந்துக்காரர், கத்தோலிக்கர். அவர் நற்கருணை வாங்குகிற அதே சபையில்தான் லாஞ்சும் நற்கருணை வாங்கினார். குடிமக்களே இல்லை என்று தீர்ப்பான பிள்ளைகளுக்கு மறுநாள் காலையிலும் பள்ளியில் மணி அடித்திருக்கும். 1864 நவம்பர் முதல் தேதி மேரிலாந்தில் அடிமைமுறை ஒழிந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1882 பிப்ரவரி 3-ஆம் தேதி லாஞ் கண்ணை மூடினார். 2023 ஜூனில் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். செத்து 141 வருஷம் கழித்து. உயிரோடு இருந்தபோது ஒரு சரியான மரியாதைக்கு நிபந்தனைக் கடிதம் எழுத வேண்டியிருந்தவருக்கு!

அவர் தொடங்கிய பள்ளி புனித பிரான்சிஸ் அகாடமி என்ற பெயரில் இன்னும் பால்டிமோரில் நடக்கிறது. இப்போது ஆண்பிள்ளைகளும் படிக்கிறார்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே நகரத்தின் பழைய சிறை வளாகம். ஒரே தெருப்பக்கத்தில் இரண்டு கட்டிடம். கறுப்புப் பிள்ளைகள் எந்தக் கதவுக்குள் போவார்கள் என்ற போட்டி அந்த நாட்டில் இன்னும் முடியவில்லை.

சரி, ஆரம்பத்தில் கையில் வச்சுக்கச் சொன்ன சந்தேகத்துக்கு வர்றேன். இந்தம்மா கலகம் செய்யவில்லையே? தன்னை அவமானப்படுத்திய சபையை விட்டு வெளியே வரவில்லையே? பேராயருக்குக் கீழ்ப்படிந்துதானே இருந்தார்? ஆமாம். ஹெய்ட்டியில் நடந்தது ஒரு வழி. டக்ளஸ் 1838-இல் பால்டிமோரை விட்டுத் தப்பி ஓடிப் போய் மேடையேறியது இன்னொரு வழி. லாஞ் எடுத்தது மூன்றாவது வழி. அதுதான் சரியான வழி என்று நான் சொல்ல வரவில்லை. மதத்துக்குள் இருந்தே மதத்தைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அண்ணல் அம்பேத்கரைப் படித்தவனுக்கு அந்த நம்பிக்கை லேசில் வராது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கலகம் செய்கிறவன் ஜெயித்துவிட்டு வரும்போது, அவன் எழுதின துண்டறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஜனம் இருக்கணுமா இல்லையா? அந்த ஜனத்தை ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து தயார் பண்ணுகிறவளை வரலாற்றில் எங்கே வைப்பது? மேடையில் பேசுகிறவனின் பெயர் நோட்டீஸில் போடப்படுது. அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவளின் பெயர் போடப்படுவதில்லை. நம்ம இயக்கங்களிலும் அப்படித்தான். இதை ஆண்கள்தான் யோசிக்கணும்.

1828-இல் பால்டிமோரில் நடந்தது, 1848-இல் புனேயில் நடந்தது. சாவித்திரிபாய் புலே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, போகிற வழியில் சாணியும் கல்லும் வாங்கினார். ஜோதிராவ் புலே 1873-இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு சூத்திரனுக்கு அந்தப் பக்கத்துப் போராட்டம் தன்னுடையதாகத் தெரிந்தது. நமக்கும் அது தெரியணும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்கார வச்சேன்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுக்குப் போய்க் கேளுங்க. உங்க குடும்பத்தில் முதல் முதலாக எழுத்துப் படிச்ச பொம்பளை யார்? அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார்? வாத்திச்சியா, சிஸ்டரா, இரவுப் பள்ளி நடத்தின அண்ணனா, பால்வாடி ஆயாவா? அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் உள்ளபடியே போட்டு, வீட்டில் பத்திரமாக வையுங்க. தெருப் பெயரை மாத்தி எழுதிடாதீங்க. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தது யார் என்று நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. இன்னைக்கு ராத்திரி போய்க் கேட்கப் போறேன்.

ஜெய்பீம்.